இரண்டாம் லைனில் பத்து விநாடி

அத்தியாயம் ஏழு

கடைக்காரர் பதினோராவது போனையும் எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு, இனி என்னிடம் ஒன்றும் பாக்கியில்லை என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தார்.

"இதுக்கு மேல ஒண்ணு வேணும்னா, நானேதான் காதுல வயரைச் சொருகிக்கிட்டு உங்க கூட வரணும்."

"அந்த மாடலுக்கு வாரண்டி எத்தனை வருஷம்?" என்று கேட்டான் வாய்தா.

கடைக்காரர் சிரித்தார். ஆபரேட்டர் சிரிக்கவில்லை. மூன்றாவது ஆளாக ஒதுங்கி நின்றிருந்த மொழிபெயர்ப்பாளர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

வாய்தாவுக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. ஒரு வக்கீலிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தான். கோர்ட்டில் வாய்தா வாங்கி வாங்கி, வீட்டில் பெண்டாட்டி கேட்கிற கேள்விக்குக்கூட அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்கிற அளவுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வக்கீல் தொழிலை விட்டதும் ஆபரேட்டரிடம் வந்து சேர்ந்தான். ஆபரேட்டர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஹெட்போனும் தலையுமாக உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்துத் துப்பறியும் அலுவலகம் தொடங்கிவிட்டார். வாய்தாவுக்கு அவர் அக்கா. மற்ற எல்லோருக்கும் இன்னும் ஆபரேட்டர்தான்.

"ரெண்டு லைன் போடமுடியாததை எல்லாம் முதல்ல உள்ள எடுத்து வைங்க," என்றார் ஆபரேட்டர்.

ஆறு போன்கள் உள்ளே போயின.

"ஒரு லைன்ல இவர் பேசிக்கிட்டிருக்கும்போது இன்னொரு லைன் அடிச்சா, மணி வேற மாதிரி கேக்கணும். பேசிக்கிட்டிருக்கிறதை வைக்காம, இன்னொரு ஹேண்ட்செட்ல அதை எடுக்கவும் முடியணும்."

ஒன்று உள்ளே போயிற்று.

"மொட்டை மாடி, பின்கட்டு, குளியலறை. மூணு இடத்துக்கும் சிக்னல் எட்டணும். பழைய வீடு, சுவர் தடிமன்."

கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்து எடைபோடுவதுபோல் பார்த்துவிட்டு, அவராகவே உள்ளே வைத்தார்.

"கரண்ட் போனா?"

"கரண்ட் போனா கார்டுலெஸ் எல்லாமே பொம்மைதான் மேடம்."

"பொம்மை ஆகாதது எது?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இந்த ரெண்டும். பேஸ் உள்ளயே பேட்டரி இருக்கு. நாலு மணி நேரம் தாங்கும்."

"கடைசியா ஒண்ணு. கூப்பிடற நம்பர் திரையில தெரியணும். ரெண்டாவது லைனுக்குத் தனியா ஆன்சரிங் மெஷின் இருக்கணும். யாரும் எடுக்கலைன்னா, வர்றதை அது பதிவு பண்ணி வைக்கணும்."

மேஜைமேல் ஒன்றுதான் மிஞ்சியது. கறுப்பு நிறம். ஒரு பேஸ், நான்கு ஹேண்ட்செட்.

"பொண்ணு பாக்கறதுக்குக்கூட இவ்வளவு கண்டிஷன் போடமாட்டாங்க," என்றான் வாய்தா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மொழிபெயர்ப்பாளர் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கி இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

*

மொழிபெயர்ப்பாளருக்கு அறுபத்திரண்டு வயது. வீட்டின் பின்னறைதான் அவருக்கு அலுவலகம். டாக்டரின் மொழி நோயாளிக்குத் தெரியாத இடங்களில் ஆஸ்பத்திரிக்காரர்கள் இவரைப் போனில் கூப்பிடுவார்கள். இங்கே கேட்டதை அங்கேயும் அங்கே கேட்டதை இங்கேயும் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையைக்கூட விடக்கூடாது, ஒரு வார்த்தையைக்கூடத் தன் பங்குக்குச் சேர்க்கவும் கூடாது. அது முதல் லைன்.

இரண்டாவது லைன் கூடத்தில் இருந்தது. மனைவி உயிரோடு இருந்த காலத்து வீட்டு நம்பர். அதில் யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவர் அதை எடுத்துவிடவில்லை. காரணம் அவருடைய ஒரே மகள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இருபத்தொரு வயதில், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாள். வாக்குவாதம் மூன்று நாள் நடந்தது. நாலாம் நாள் காலை ஒரே ஒரு பையோடு போய்விட்டாள். போனவள் தானே வருவாள் என்று அவர் வீம்பாக ஒரு வருஷம் தேடாமலே இருந்தார். தேடத் தொடங்கியபோது தடயம் எல்லாம் ஆறிப்போயிருந்தது. போலீஸ் கை கழுவிவிட்டது.

இருபத்து மூன்று நாளைக்கு முன்னால் கூடத்துப் போன் அடித்தது. மாலை நாலு பத்து. எடுத்து ஹலோ என்றார். பதில் இல்லை. பத்து விநாடி கழித்துத் தொடர்பு அறுந்தது. மறுநாளும் நாலு பத்து. அதற்கு மறுநாளும்.

"பேச்சு இல்லை. ஆனா மூச்சு கேக்குது," என்று அவர் ஆபரேட்டரின் அலுவலகத்தில் வந்து சொன்னார். "அவ மூச்சு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து இழுப்பு. பக்கத்துல உட்கார்ந்து ராத்திரி பூரா எண்ணியிருக்கேன்."

பழைய போனில் நம்பர் தெரியாது. டெலிபோன் ஆபீஸில் கேட்டால் போலீஸ் கடிதம் கொண்டு வாருங்கள் என்றார்கள். போன வாரம் ஒரு டாக்டர் ஆபரேஷனைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது நாலு பத்து ஆகிவிட்டது. இவர் முதல் லைனை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் புகார். இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும்.

"எனக்கு ஒரு போன் தேர்ந்தெடுத்துக் குடுங்க. அதுல அவளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க," என்றார்.

அன்று மாடிப்படி வரை வழியனுப்பப் போன வாய்தா, அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வாயை விட்டான். "உங்க பொண்ணுதான் சார். சந்தேகமே வேண்டாம். ஒரே வாரத்துல உங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்தறோம்."

ஆபரேட்டர் அதைக் கேட்டுவிட்டார்.

"எல்லாத்துக்கும் வாய்தா வாங்கறவன், அவர்கிட்ட மட்டும் ஏன்டா அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னே?" என்றார்.

*

வாய்தா பேஸைக் கூடத்தில் வைத்தான். ஒரு ஹேண்ட்செட் பின்னறைக்கு, ஒன்று சமையலறைக்கு, ஒன்று படுக்கையறைக்கு. நாலாவது மொழிபெயர்ப்பாளரின் இடுப்பில். ஆன்சரிங் மெஷினில் வணக்கம் சொல்லும் பகுதியை எடுத்துவிட்டு, வெறும் பீப் ஒலி மட்டும் வருகிற மாதிரி செய்யச் சொன்னார் ஆபரேட்டர்.

"இப்ப முக்கியமான விஷயம். மூணு நாளைக்கு அந்தப் போனை நீங்க எடுக்கக்கூடாது."

மொழிபெயர்ப்பாளர் முகம் வெளுத்தது. "எடுக்காம விட்டா இனிமே பண்ணவேமாட்டாம்மா. ஏற்கெனவே ஒரு தடவை நான்... வேண்டாம்மா."

"நீங்க எடுத்தா உங்க குரல்தான் அதுல நிறைய இருக்கும். எனக்கு அந்தப் பக்கம் மட்டும் கேக்கணும். மூணே நாள்."

அவர் ஒப்புக்கொண்டார். முதல் நாள் நாலு பத்துக்கு வாய்தா அங்கேதான் இருந்தான். மணி அடித்தது. மொழிபெயர்ப்பாளர் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது மணியில் மெஷின் எடுத்தது. ஒரு சிவப்பு விளக்கு பத்து விநாடி எரிந்து அணைந்தது. திரையில் ஒரு நம்பர் இருந்தது.

வாய்தா தடுப்பதற்குள் அவர் அந்த நம்பரைத் திருப்பி அழைத்துவிட்டார். ஸ்பீக்கரில் ஒரு கிழவர் குரல்.

"யாரு?"

"என் பொண்ணு... அங்க ஒரு பொண்ணு இருக்காளா?"

"பொண்ணா? இங்க பொண்ணுங்க யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான். ராங் நம்பர்."

மொழிபெயர்ப்பாளர் வாய்தாவின் சட்டையைப் பிடித்தார். "அடைச்சு வெச்சிருக்கான். அந்தாள் தூங்கற நேரம் பாத்து என்னைக் கூப்பிடறா. பேசினா மாட்டிக்குவோம்னு பயந்து பேசாம இருக்கா. அதான், அதேதான்!"

வாய்தாவுக்கும் அது அப்படியே பொருந்துவதாகத்தான் பட்டது. இப்போதே விலாசம் பிடித்துப் போய்க் கதவை உடைத்துவிடலாம் என்று ஆபரேட்டரிடம் துடித்தான்.

"மூணு நாள்னு சொன்னேன்," என்றார் அவர்.

*

நாலாம் நாள் காலை ஆபரேட்டர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று பதிவுகளையும் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பின்னறையில் முதல் லைனில் இருந்தார். யாருக்கோ மாத்திரை வேளைகளைச் சொல்லிக்கொண்டிருந்த அவர் குரல் கதவைத் தாண்டித் தெளிவாக வந்தது.

முதல் பதிவில் லேசான இரைச்சல். மூச்சு. நாலாவது விநாடியில் தூரத்தில் ஒரு நாய் இரண்டு முறை குரைத்தது. ஏழாவது விநாடியில் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு மூச்சு. அறுந்தது.

"கேட்டியா?"

"பொம்பளை மூச்சுதான்க்கா."

"நாயைக் கேட்டியா?"

இரண்டாவது பதிவை வைத்தார். இரைச்சல், மூச்சு. நாலாவது விநாடியில் நாய், இரண்டு முறை. ஏழாவதில் செருமல்.

மூன்றாவதை வைப்பதற்கு முன்பே வாய்தா போனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். அதிலும் நாலாவது விநாடியில் நாய் இரண்டு முறை குரைத்தது.

"அந்த நாய் கையில வாட்ச் கட்டியிருக்காக்கா?" என்றான். குரலில் பழைய துள்ளல் இல்லை.

"மனுஷன் தினமும் ஒரே நேரத்துக்குப் போன் பண்ணலாம். நாய் தினமும் ஒரே விநாடியில குரைக்காது. அங்க யாரும் ரிசீவரைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கல. இது டேப்பு மாதிரி ஒண்ணு. ஏதோ மெஷின் கூப்பிடுது."

"வெறும் மெஷினா?"

"மெஷின்தான். வெறும் மெஷினான்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

எக்ஸ்சேஞ்சில் இன்னும் வேலையில் இருக்கும் பழைய தோழி ஒருத்தி நம்பருக்கு உரிய விலாசத்தைச் சொன்னாள். பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அவ்வளவு பக்கம். மொழிபெயர்ப்பாளரிடம் எதுவும் சொல்லாமல் இருவரும் கிளம்பினார்கள்.

*

இரும்புக் கேட் போட்ட சின்ன வீடு. பின்பக்கம் தனி வாசலோடு ஓர் அறை, பூட்டியிருந்தது. அழைப்பு மணியை மூன்று முறை அடித்த பிறகே கிழவர் வந்தார். எண்பதைத் தாண்டியவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவராம். கழுத்தில் ஒரு கயிறு, அதில் பொத்தான் வைத்த சின்னப் பதக்கம் ஒன்று தொங்கியது.

"ரூம் பாக்க வந்தீங்களா? காலிதான். உள்ள வாங்க. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, காது மந்தம்."

வாய்தா ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். உள்ளே ஸ்டூல்மேல் போன் இருந்தது. அதன் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது.

"அது என்ன ஐயா?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

"இதுவா? போன மாசம் குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். ரெண்டு மணி நேரம் கிடந்தேன். அப்புறம்தான் இது ஞாபகம் வந்து எடுத்து மாட்டினேன். கழுத்துல இருக்கிற இந்தப் பொத்தானை அமுக்கினா அந்தப் பெட்டி போன் பண்ணி ஆளைக் கூப்பிடுமாம்."

"யாரைக் கூப்பிடும்?"

கிழவர் யோசித்தார். "அது... அதுல ஏற்கெனவே நம்பர் போட்டு வெச்சிருக்கு. அதுக்குத் தெரியும்."

சுவர்க் கடிகாரம் நாலு பத்தைத் தொட்டது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன 'டிக்'. யாரும் தொடாமலே அது நம்பரைச் சுழற்றத் தொடங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஓசை. எந்த ஓசை எந்த எண் என்று முப்பது வருஷப் பழக்கத்தில் தெரிந்திருந்த ஆபரேட்டர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். அவர் உதடுகள் அசைந்தன.

பெட்டியிலிருந்து 'பீ, பீ, பீ' என்று வந்தது. எதிர்முனை எங்கேஜ்டு.

"முதல் நம்பர் இந்தப் போனோட நம்பரேதான்," என்றார் ஆபரேட்டர். "தன்னைத் தானே கூப்பிட்டுக்குது."

"தனக்குத்தானே பேசிக்கிற ஆளைப் பாத்திருக்கேன். தனக்குத்தானே போன் போடறதை இப்பதான் பாக்கறேன்," என்றான் வாய்தா.

பெட்டி இரண்டாவது நம்பரைச் சுழற்றியது. இந்த முறை ஆபரேட்டர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கடைசி நாலு எண்களை அவர் உதட்டசைவிலேயே வாய்தா தெரிந்துகொண்டான். மொழிபெயர்ப்பாளர் வீட்டு இரண்டாவது லைன்.

பத்து விநாடி. பிறகு பெட்டி அடங்கியது. சிவப்பு விளக்கு மறுபடி விட்டு விட்டு எரிந்தது.

"பேட்டரி தீரப்போகுது. அதைத்தான் தினமும் போன் பண்ணிச் சொல்லப் பாக்குது. அதுகிட்ட இருக்கறது ஒரே ஒரு பதிவு. எதுக்குக் கூப்பிட்டாலும் அதைத்தான் போடும்," என்றார் ஆபரேட்டர். பிறகு கிழவரிடம் குரலை உயர்த்தி, "இது யாரோடது ஐயா?" என்று கேட்டார்.

"பின்னாடி ரூம்ல குடியிருந்த பொண்ணோடது."

ஆபரேட்டர் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். கிழவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல கொஞ்சம் சதை போட்டிருக்கா. இங்க வந்தப்ப எலும்புதான்."

"இப்ப எங்க இருக்காங்க?" அந்தக் கேள்வியைக் கேட்டது வாய்தா. பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாராவது கேட்டாக வேண்டுமே.

"போயிட்டாம்மா," என்று கிழவர் ஆபரேட்டரைப் பார்த்துச் சொன்னார். "பதினாலு மாசம் ஆச்சு. இழுப்புன்னு சொல்லிக்கிட்டிருந்தா. கடைசியில இருதயம்னாங்க. ஆஸ்பத்திரியில துணி மடிக்கிற வேலை. வாய் திறந்து பேசமாட்டா. நாலு வருஷம் இருந்தா, நாலு தடவை சிரிச்சிருப்பா."

அவளுடைய அறைக்குத் தனிப் போன் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் சொல்லி இந்தப் பெட்டியை வாங்கி அதில் மாட்டியிருக்கிறாள். மூச்சு முட்டினால் பொத்தானை அமுக்குவாள், முன்வீட்டில் கிழவர் போன் அடிக்கும், அவர் ஓடுவார். இரண்டு தடவை அப்படி நடந்தது. மூன்றாவது தடவையும் அவர் ஓடினார்.

"காலைல பதினோரு மணி. ஒரே மணியில எடுத்துட்டேன். ஆம்புலன்ஸும் வந்துது. வழியிலயே முடிஞ்சுபோச்சு. சொந்தக்காரங்க யாருன்னு கேட்டாங்க. யாரும் இல்லைன்னுதான் அவ எப்பவும் சொல்லுவா. நானே கையெழுத்துப் போட்டு எல்லாம் முடிச்சேன்."

அவள் அறைப் போனை வெட்டிவிட்டார்கள். பெட்டி மட்டும் அலமாரியில் கிடந்தது. தான் விழுந்த பிறகு கிழவர் அதைக் கொண்டுவந்து தன் போனிலேயே மாட்டியிருக்கிறார்.

ஆபரேட்டர் பெட்டியைத் திருப்பி மூடியைக் கழற்றினார். மூடியின் உட்பக்கம் சின்னத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. நீல மையில் இரண்டே வரி. ஒன்று, ஐயா. இரண்டு, அப்பா.

வாய்தா அதை இரண்டு முறை படித்தான்.

"இங்க நாய் இருந்துதா ஐயா?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

"இருந்துது. அவ போன கையோட அதுவும் போயிடுச்சு. யார் கேட்டைத் திறந்தாலும் ரெண்டு குரை குரைக்கும், மூணாவது கிடையாது." கிழவர் சட்டென்று எதையோ நினைத்துக்கொண்டார். "இந்தப் பெட்டி வந்த அன்னைக்கும் நான் கேட்டைத் திறந்துக்கிட்டு வர்றேன், குரைச்சுது. கதவைச் சாத்திக்கிட்டு இதை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. என்னம்மா பண்றேன்னேன். 'பேசிப் பதிவு பண்ணணும் ஐயா. உங்களுக்குத் தேவையில்ல, மணி அடிச்சாலே ஓடி வந்துடுவீங்க. இன்னொருத்தருக்கு' அப்படின்னா. என்ன பேசினேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ஒண்ணும் சொல்லல ஐயா. பத்து விநாடி போதல'ன்னா."

*

ஆறு மணிக்கு அவர்கள் திரும்பி வந்தபோது மொழிபெயர்ப்பாளர் முதல் லைனில் இருந்தார். முடியும்வரை கூடத்தில் காத்திருந்தார்கள்.

"நான் சொல்றேன்," என்றார் ஆபரேட்டர்.

"வேண்டாம்க்கா. கொண்டாந்து நிறுத்தறேன்னு சொன்னவன் நான்."

மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்தார். இடுப்பில் ஹேண்ட்செட். இன்று நாலு பத்துக்கு அடித்த போனையும் எடுக்கவில்லை என்று பரீட்சை எழுதிய பிள்ளைபோல் சொன்னார்.

"சார்," என்றான் வாய்தா. "உங்க பொண்ணு இல்ல சார்."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப கூப்பிடறது வேற யாரோவா? போகட்டும். அவ வேற எங்கயோ இருக்கா, அப்படித்தானே? மறுபடி முதல்லேர்ந்து தேடலாம். நான் தயார்."

தன் வாயால் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவன் வாய்தா. அதே வாயால் அந்த ஒரே வாக்கியத்தை இரண்டாவது தடவை, இன்னொரு அர்த்தத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்படி இல்ல சார். உங்க பொண்ணு... இப்ப இல்ல சார்."

மொழிபெயர்ப்பாளர் அவனையே பார்த்தார். மற்றவர்கள் வார்த்தைகளை நாளெல்லாம் மாற்றித் தருகிறவருக்கு இந்தச் சில வார்த்தைகள் உள்ளே போய்ச் சேர நேரமாயிற்று.

ஆபரேட்டர் மிச்சத்தைச் சொன்னார். அறை, வேலை, பெட்டி, நாய், கிழவர். மூச்சு அவளுடையதுதான் என்பதையும் சொன்னார். மூடியிலிருந்து பிரித்துவந்த தாளைக் கொடுத்தார். அவர் அதைக் கையில் வாங்கி, எழுத்தைப் பார்த்து, மடித்து, மறுபடி பிரித்தார்.

"கடைசியில அந்தப் பொத்தானை அமுக்கினாளா?"

"அமுக்கினாங்க. அந்தப் பெரியவர் உடனே எடுத்துட்டார். முதல் நம்பரை எடுத்துட்டா ரெண்டாவதுக்குப் போகாது."

"அவர் நல்ல மனுஷன்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "என்னைக்குன்னு சொன்னீங்க? எத்தனை மணி?"

ஆபரேட்டர் தேதியையும் நேரத்தையும் சொன்னார். அவர் எழுந்து பின்னறைக்குப் போய், தடித்த நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று தினமும் அவர் எழுதி வைப்பது. பக்கத்தைக் கண்டுபிடித்து விரலை ஓட்டினார். ஒன்பதரைக்கு ஒரு அழைப்பு. பத்தேகாலுக்கு முடிவு. அடுத்தது பன்னிரண்டரைக்கு.

"பதினோரு மணிக்கு எனக்கு வேலையே இல்ல," என்றார். "சும்மா இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

ஆபரேட்டர் நோட்டை மூடி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பெரியவர் தனியாக இருக்கிறார். பெட்டியை மாற்றி அமைக்காவிட்டால் அடுத்த தடவை விழும்போது அது முதலில் எங்கேஜ்டு ஒலியைக் கேட்கும், பிறகு இங்கே வெறும் மூச்சைத்தான் அனுப்பும். மாற்றினால் பழைய பதிவு அழிந்துவிடும். நாளை புதுப் பேட்டரி போட்டு, முதல் நம்பராகத் தெருமுனை மருந்துக் கடைக்காரரைப் போடப் போகிறோம். இரண்டாவதுக்கு அந்தப் பெரியவருக்கு ஆள் இல்லை.

"ரெண்டாவது என் நம்பரே இருக்கட்டும்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "ஆனா நாளைக்கு நாலு பத்துக்கு அப்புறம் மாத்துங்க. நாளைக்கு நான் எடுக்கணும்."

*

மறுநாள் ஆபரேட்டர் கிழவர் வீட்டில் இருந்தார். வாய்தா மொழிபெயர்ப்பாளர் வீட்டில்.

நாலு மணிக்கே அவர் முதல் லைனை அணைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டை மாற்றியிருந்தார். மணி அடித்ததும் முதல் மணியிலேயே எடுத்தார். ஹலோ சொல்லவில்லை. ஹேண்ட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சுவிட்டால்கூட அந்தச் சத்தம் மறைந்துவிடுமோ என்பதுபோல் இருந்தார். நாலாவது விநாடியில் நாய் குரைத்திருக்க வேண்டும், அவர் கண் லேசாகத் துடித்தது. ஏழாவதில் அவர் உதடு பிரிந்தது. ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வாய்தா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். வாய்தா வாங்க முடிகிற காரியமாக இது இருக்கக்கூடாதா என்று முதன்முறையாக நிஜமாகவே ஏங்கினான். பிறகு இன்னொரு ஹேண்ட்செட்டை எடுத்து, முதல் லைனைப் போட்டு, ஆபரேட்டரை அவருடைய செல்போனில் கூப்பிட்டான்.

"முடிஞ்சுதுக்கா. மாத்திடுங்க."

இருபது நிமிஷம் கழித்து இரண்டாவது லைன் அடித்தது. மொழிபெயர்ப்பாளர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

"பயப்படாதீங்க சார். மருந்துக் கடைக்காரரை எடுக்கவேண்டாம்னு சொல்லிட்டு அக்காதான் சோதிச்சுப் பாக்கறாங்க. எடுத்து, சரியாக் கேக்குதான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் எடுத்தார். கிழவரின் குரல் காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த தொனியில் ஹேண்ட்செட்டை மீறி வாய்தாவுக்கும் கேட்டது. "நான் கீழ விழுந்துட்டேன். கேட் திறந்துதான் இருக்கும். கொஞ்சம் வந்து தூக்கிவிடுங்க. அவ்வளவுதான்."

தொடர்பு அறுந்தது.

"தெளிவா இருந்துதா சார்?"

"தெளிவா இருந்துது," என்றார் மொழிபெயர்ப்பாளர். ஹேண்ட்செட்டை மெதுவாகப் பேஸில் பொருத்தினார். "இவர் பத்து விநாடியில எல்லாத்தையும் சொல்லிட்டாரே."